'ஆல்வேஸ்' எங்கே உட்காரும்?

கொல்கத்தாவின் காலேஜ் தெரு நடைபாதைக் கடைகளில் இரண்டு இலக்கண நூல்களுக்குப் பல தலைமுறைகளாகக் கிராக்கி உண்டு. ஒன்று, இந்தியா முழுவதும் தெரிந்த ரென் அண்ட் மார்ட்டின். இன்னொன்று, வங்காளத்து மாணவர்கள் பாட்டன் காலத்திலிருந்து புரட்டி வரும் பி.கே. தே சர்கார். இந்த மாதிரிப் புத்தகங்களில் தவறாமல் ஒரு பயிற்சி இருக்கும். 'ஹீ கம்ஸ் லேட்' என்று ஒரு வாக்கியம். பக்கத்தில் 'ஆல்வேஸ்' என்று ஒரு சொல். சொல்லை உரிய இடத்தில் சேர்த்து எழுத வேண்டும். ஒரு மார்க்.

ஒரு மார்க்தானே என்று விட்டுவிடுகிற மாணவன், சில வருடங்கள் கழித்து சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கிறான். 'ஆல்வேஸ் ஐ கம் எர்லி' என்கிறான். கேட்பவருக்கு அவன் சொல்வது புரியாமல் போகாது. ஆனால் அவன் எந்த மாதிரிப் பள்ளியில் படித்தவன் என்பதும் கூடவே புரிந்துவிடுகிறது. அந்தச் சொல் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தால் அது புரிந்திருக்காது.

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், ஸம்டைம்ஸ், ஸெல்டம், நெவர் ஆகியவை ஒரு காரியம் எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்லும் வினையடைகள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு வாக்கியத்தின் நடுவே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண வினைச்சொல் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கு முன்னால்: 'ஷி ஆஃபன் ரைட்ஸ்.' துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஷி ஹேஸ் ஆஃபன் ரிட்டன்.' துணைவினைகள் இரண்டு மூன்று இருந்தால் முதலாவதற்குப் பின்னால். 'ஆம், இஸ், ஆர், வாஸ்' என்ற இருப்பு வினை தனியாக வந்தாலும் அதற்குப் பின்னால்: 'ஷி இஸ் ஆஃபன் லேட்.' கேள்வியானால் எழுவாய்க்குப் பின்னால்: 'டஸ் ஷி ஆஃபன் ரைட்?'

மாணவர்கள் இதை ஐந்து விதிகளாக மனப்பாடம் செய்து ஆறு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் ஒரே ஒரு குறிப்பு போதும். அந்த வாக்கியத்தில் 'நாட்' போட வேண்டுமானால் எங்கே விழும் என்று பார்க்க வேண்டும். 'ஷி இஸ் நாட் லேட்.' 'நாட்' இருந்த நாற்காலியில் 'ஆல்வேஸ்' உட்காரலாம்: 'ஷி இஸ் ஆல்வேஸ் லேட்.' 'ஷி ஹேஸ் நாட் கம்' என்பதில் 'நாட்' எழுந்தால் 'நெவர்' உட்காரலாம். 'ஷி டஸ் நாட் கம்' என்ற இடத்தில் மட்டும் 'டஸ்' என்பது 'நாட்'டுக்குத் துணையாக வந்த விருந்தாளி. 'நாட்' போனால் அதுவும் போய்விடும்; அது சுமந்துவந்த 'ஸ்' வினையோடு போய் ஒட்டிக்கொள்ளும்: 'ஷி ஆல்வேஸ் கம்ஸ்.' சாதாரண எழுத்துக்கும் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது.

விதி இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் ஏன் தடுக்கி விழுகிறார்கள்? காரணம் சோம்பேறித்தனமோ மந்தபுத்தியோ இல்லை. காரணம் தாய்மொழி.

தமிழில் 'அடிக்கடி' என்ற சொல்லுக்கு நிரந்தர விலாசம் கிடையாது. அவர் அடிக்கடி இங்கே வருவார். அடிக்கடி அவர் இங்கே வருவார். அவர் இங்கே அடிக்கடி வருவார். மூன்றும் தமிழ்தான். அழுத்தம் சற்று மாறும், அவ்வளவே. வினை கடைசியில் ஆணி அடித்தது போல் நிற்பதால் அதற்கு முன்னால் உள்ளவை இடம் மாறி உட்காரலாம். வங்காள மொழியும் இதே குடும்பப் பழக்கம் உள்ளதுதான். 'ஷே ப்ராய்இ தேரி கொரே ஆஷே' என்றால் அவன் பெரும்பாலும் தாமதமாக வருகிறான். வினை கடைசியில். 'அடிக்கடி', 'மீண்டும் மீண்டும்' என்று தமிழில் சொல்லை இரட்டிப்பது போலவே அங்கேயும் 'பார் பார்', 'மாஜே மாஜே'. தமிழும் வங்காளமும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள். ஆனால் ஆங்கிலத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆங்கிலத்திலோ வினை, எழுவாயை ஒட்டி நடுவில் நிற்கிறது. செயப்படுபொருள் அதற்குப் பின்னால். வினைக்கும் அதன் பொருளுக்கும் இடையில் யாரும் நுழையக் கூடாது என்பதில் ஆங்கிலம் கறார். 'ஷி ரீட்ஸ் ஆஃபன் நாவல்ஸ்' என்றால் காது சுளிக்கும். பிரெஞ்சில் இதே வரிசைதான் சரி. 1989இல் ழான் ஈவ் பொல்லோக் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞர், வினைச்சொல் வாக்கியத்துக்குள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை அளக்க 'அடிக்கடி' போன்ற வினையடைகளையே மைல்கல்லாக வைத்து எழுதிய கட்டுரை அந்தத் துறையில் மிகவும் பிரபலம். பிரெஞ்சு வினை வினையடையைத் தாண்டிப் போகிறது. ஆங்கில வினை தாண்டுவதில்லை. ஆங்கில இருப்பு வினையும் துணைவினையும் மட்டும் தாண்டிவிடுகின்றன. ஆகவே பாரிஸ் மாணவனும் ஆங்கிலத்தில் இதே பாடத்தில் மார்க் இழக்கிறான்.

இருப்பு வினை இன்னும் சிக்கலானது. 'அவர் எப்போதும் பிசி' என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முடிந்துவிட்டது. 'இஸ்' என்பதற்கு அங்கே வேலையே இல்லை. வங்காளத்திலும் 'ஷே ஷொப் ஷொமொய் பேஸ்தோ' என்றால் போதும். தாய்மொழியில் இல்லாத ஒரு சொல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து செருகும்போது அதை 'ஆல்வேஸ்' என்பதற்கு இந்தப் பக்கம் செருகுவதா அந்தப் பக்கமா என்று கை தயங்குகிறது. 'ஹீ ஆல்வேஸ் இஸ் பிஸி' அப்படிப் பிறக்கிறது. அழுத்திச் சொல்லும்போது ஆங்கிலேயரே சில சமயம் அப்படிச் சொல்வதுண்டு. பரீட்சைத் தாளில் அழுத்தம் தெரிவதில்லை.

'நெவர்' வேறொரு பொறி. தமிழில் 'ஒருபோதும்' என்றால் கூடவே 'மாட்டான்' வேண்டும். வங்காளத்தில் 'கொக்னோ' என்ற சொல்லைத் தனியாக இரட்டித்தால் 'சில சமயம்'. கூடவே 'நா' சேர்த்தால்தான் 'ஒருபோதும் இல்லை'. எதிர்மறை வினையில்தான் இருக்கிறது. ஆங்கில 'நெவர்' எதிர்மறையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. இது தெரியாத பையன் 'ஹீ நெவர் டஸ் நாட் கம்' என்று எழுதி, வராதவனை வரவழைத்துவிடுகிறான்.

இந்தத் தடுமாற்றங்களுக்குக் கல்கத்தாவில் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அது தலைகீழாகத் தொடங்கியது. வங்காள மொழிக்கு நத்தானியல் ஹால்ஹெட் எழுதிய இலக்கணம் 1778இல் ஹூக்ளியில் அச்சானது, கம்பெனியின் ஆங்கிலேயர்களுக்காக. 1800இல் வெல்லெஸ்லி பிரபு தொடங்கிய ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் இளம் ஆங்கிலேய அதிகாரிகள் நம் மொழிகளைப் படித்தார்கள். வாக்கியத்தின் கடைசி வரை வினைக்காகக் காத்திருக்கும் சிரமம் அப்போது அவர்களுடையது.

காட்சி விரைவில் மாறியது. 1817இல் இந்து கல்லூரி பிறந்தது. 1835இல் மெக்காலேயின் அறிக்கை. 1857இல் கல்கத்தா பல்கலைக்கழகம். ஆங்கிலம் தெரிந்தால் குமாஸ்தா உத்தியோகம் என்றானது. வாயால் பேசிப் பழகாமல் புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மனுவும் விண்ணப்பமும் எழுதியவர்களுக்கு ஆங்கிலேயர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: 'பாபு இங்கிலீஷ்'. 1891இல் ஆர்னால்ட் ரைட் என்பவர் அந்த ஆங்கிலத்தின் மாதிரிகளைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். 1897இல் எஃப். ஆன்ஸ்டி எழுதிய 'பாபு ஜபர்ஜி, பி.ஏ.' லண்டன் வாசகர்களை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தது. ஆங்கில அதிகாரி பேசிய வங்காளத்துக்கு இப்படி ஒரு பெயர் நிலைக்கவில்லை. தவறு இரு பக்கமும் இருந்தது. சிரிக்கும் உரிமை ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

அந்தச் சிரிப்பு வெள்ளைக்காரனோடு கப்பலேறவில்லை. இன்று நேர்முகத் தேர்வு அறையில் 'ஆல்வேஸ்' இடம் மாறியதற்கு உதட்டைச் சுழிப்பவர் நம்மவர்தான்.

சிரிக்காமல் யோசித்தவர்களும் இருந்தார்கள். தாய்மொழியில்தான் கல்வி வேண்டும் என்று 1892லேயே எழுதிய ரவீந்திரநாத் தாகூர், ஆங்கிலத்தை ஒதுக்கச் சொன்னவர் இல்லை. சாந்திநிகேதன் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பாட நூல்களைத் தானே எழுதினார். அவற்றில் ஒன்றின் பெயரிலேயே அவருடைய வழி இருக்கிறது: 'ஸ்ருதி சிக்ஷா'. காதால் கற்பது. முதலில் கேட்கட்டும், பிறகு எழுதட்டும் என்ற எண்ணம். நோபல் பரிசு பெற்ற கவிஞர், குழந்தைகள் ஆங்கில வாக்கியம் அமைக்கப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தார் என்பதை அவரை மாலை போட்டுக் கும்பிடுகிறவர்கள் அதிகம் நினைப்பதில்லை.

தாகூர் பெயரைச் சொல்லியே பிற்பாடு வேறொரு காரியம் நடந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் வேண்டாம் என்று முடிவு செய்தது. 1983இலிருந்து ஆறாம் வகுப்பில்தான் ஏ, பி, ஸி, டி. அரசின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வீட்டில் எழுத்து வாசனையே இல்லாத ஏழைக் குழந்தை, புரியாத மொழியைக் கண்டு மிரண்டு பள்ளியை விட்டு ஓடுகிறது. முதலில் தாய்மொழியில் காலூன்றட்டும் என்றார்கள். தாய்மொழி பாடமொழியாக இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஆங்கிலத்தைப் பாடமொழியாக வைப்பது வேறு, ஒரு பாடமாக வைப்பது வேறு. அந்த வித்தியாசம் காணாமல் போனது.

அதே சமயத்தில் ஆறாம் வகுப்புக்கு வந்த 'லேர்னிங் இங்கிலீஷ்' பாட நூல் இலக்கண விதிகளையும் மொழிபெயர்ப்பையும் ஒதுக்கிவிட்டுப் பேச்சுச் சூழல்களை முன்னே வைத்தது. லண்டனில் அது அப்போதைய புதுமை. ஆங்கிலம் காதில் விழும் ஊரில் அது பலிக்கும். முர்ஷிதாபாத் கிராமத்தில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 'ஆல்வேஸ்' காதாலும் வரவில்லை, விதியாலும் வரவில்லை.

வசதி உள்ளவர்கள் காத்திருக்கவில்லை. பிள்ளைகளை ஆங்கில வழித் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நடுத்தர வர்க்கம் டியூஷன் வாத்தியாரைத் தேடியது. யாருக்காகக் கதவு அகலமாகத் திறக்கப்பட்டதோ அவர்கள்தான் வெளியே நின்றார்கள். எஸ்.யு.சி.ஐ. கட்சி வருடக்கணக்கில் போராடியது. 1992இல் அசோக் மித்ரா கமிஷன், 1998இல் மொழியியல் அறிஞர் பவித்ர சர்க்கார் தலைமையில் இன்னொரு ஆய்வு என்று அரசு மெல்லப் பின்வாங்கியது. 1999இல் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் திரும்பி வந்தது. 2004இல் முதல் வகுப்புக்கே வந்தது.

அந்த இருபது வருடங்களுக்கு விலை என்ன? தனிகா சக்ரவர்த்தி, ஷில்பி கபூர் பக்ஷி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்குப் போட்டார்கள். அந்தக் கொள்கையின் கீழ் படித்த தலைமுறையின் வாராந்தர வருமானம் சராசரியாக 26 சதவீதம் குறைவு என்பது அவர்கள் கண்டது. ஆங்கிலம் கேட்கும் உத்தியோகங்களுக்குப் போக முடியாமல் போனதே முக்கியக் காரணம் என்றார்கள். ஒரு மார்க் கேள்வி என்று தொடங்கிய விஷயம் கடைசியில் சம்பளக் கவரில் வந்து நிற்கிறது.

தமிழர்களுக்கு இது வேறு யாருடைய கதையோ இல்லை. ஒரு காலத்தில் டைப்பிங்கும் ஷார்ட்ஹாண்டும் கற்றுக்கொண்டு கல்கத்தா கம்பெனிகளுக்கு ரயிலேறிய தமிழ் இளைஞர்களுக்கு ஆங்கிலம்தான் சோறு. லேக் மார்க்கெட் பக்கம் காபிப்பொடி வாசனையோடு வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், டெலிவிஷனில் இந்தி என்று மூன்று மொழிகளை அனாயாசமாகக் கையாளுகிறார்கள். மூன்றிலும் வினை கடைசியில்தான். நான்காவது மொழிதான் அவர்களையும் மண்டையைச் சொறிய வைக்கிறது.

புரிந்தால் போதாதா, இடம் மாறினால் குடியா முழுகிவிடும் என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலும் முழுகாது. 'ஆல்வேஸ் ஐ கம் எர்லி' என்றாலும் அவன் சீக்கிரம் வருகிறவன்தான். அதற்காக ஒருவனை வேலைக்கு லாயக்கில்லை என்பது அநியாயம். ஆனால் குடி முழுகும் இடங்களும் உண்டு. 'தி மெஷின் டஸ் நாட் ஆல்வேஸ் ஒர்க்' என்றால் இயந்திரம் சில சமயம் மக்கர் செய்யும். 'தி மெஷின் ஆல்வேஸ் டஸ் நாட் ஒர்க்' என்று எழுதினால் அது ஓடுவதே இல்லை என்றாகிறது. இரண்டே சொற்கள் இடம் மாறின. பழுது பார்க்க வருபவர் முதல் வாக்கியத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வருவார். இரண்டாவதற்குப் புது இயந்திரத்துக்கு விலைப்பட்டியல் கொண்டு வருவார்.

இங்கே தமிழே கொஞ்சம் வழுக்கும் என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியும். 'இந்தப் பரிசோதனை எப்போதும் சரியாக இருப்பதில்லை' என்று ஒரு மருத்துவச் செய்தியில் வந்தால் என்ன அர்த்தம்? சில வேளை தவறும் என்பதா, ஒருநாளும் சரியாக இருந்ததில்லை என்பதா? பேச்சில் குரல் காப்பாற்றும். அச்சில் குரல் இல்லை. 'எல்லாச் சமயத்திலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது' என்று விரித்து எழுதினால்தான் நோயாளி தப்பாகப் புரிந்துகொள்ளாமல் இருப்பார். ஆங்கிலம் சொல்லின் இடத்தால் செய்வதைத் தமிழ் கூடுதல் சொற்களால் செய்கிறது. இதைப் புரிந்துகொண்ட மாணவனுக்கு ஆங்கிலத்தோடு தமிழும் தெளிவாகும்.

தே சர்காரின் புத்தகத் தலைப்பிலேயே இலக்கணம், கட்டுரை ஆகியவற்றோடு 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லும் உண்டு. தாய்மொழி வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைக் கற்பிக்கும் பழைய முறை அது. பழசு என்று தூக்கியெறியப்பட்ட அந்த முறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. தவறு எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டியது. 'அவர் எப்போதும் பிசி' என்று கரும்பலகையில் எழுதி, அதில் 'இஸ்' எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்கிற ஆசிரியர், பையனை முட்டாளே என்று திட்ட வேண்டியிருக்காது. தாகூரின் காதும் தே சர்காரின் கண்ணும் சேர்ந்தால் வகுப்பறைக்குப் போதும்.

மிச்சமுள்ள சில்லறை விஷயங்களையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாம். 'எவரி டே', 'ட்வைஸ் எ வீக்' போன்ற நீளமான தொடர்கள் நடு நாற்காலியில் உட்காரா. அவற்றுக்கு வாக்கியத்தின் தலை அல்லது வால்தான் இடம். 'தினமும்' என்பதைத் தமிழில் நடுவில் வைக்கிற பழக்கத்தில் 'ஐ எவரி டே கோ' என்று எழுதக் கூடாது. ஸம்டைம்ஸ், யூஷுவலி இரண்டும் தலையில் உட்காரலாம். 'ஆல்வேஸ்', 'நெவர்' இரண்டும் கட்டளைகளில் மட்டும் சாதாரணமாகத் தலையில் வரும். தொழிற்சாலைச் சுவரில் 'நெவர் டச்', 'ஆல்வேஸ் ஸ்விட்ச் ஆஃப்' என்று பார்த்துப் பழகியவர்தான் எல்லா வாக்கியத்தையும் 'ஆல்வேஸ்' என்று தொடங்குகிறாரோ என்னவோ. 'நெவர்' என்று தொடங்கியே தீர வேண்டுமானால் துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவர வேண்டும்: 'நெவர் ஹேவ் ஐ ஸீன்.' மேடைப் பேச்சுக்கு அது சரி. லீவு லெட்டருக்கு வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு நல்ல ஆசிரியர் நாற்பது நிமிட வகுப்பு இரண்டில் முடித்துவிடலாம். இருபது வருடக் கொள்கைச் சண்டையில் இரண்டு தரப்புக்கும் அந்த இரண்டு வகுப்புகளைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை. காலேஜ் தெருவில் பழைய புத்தகம் வாங்குகிற பையன் இன்னும் அந்தப் பயிற்சிக்குப் பென்சிலால் விடை எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் அதே புத்தகத்தை வைத்திருந்தவன் எழுதிய விடையை ரப்பரால் அழித்துவிட்டு.